நீலகிரிக் கதைக்கு ஒரு விசைச் சட்டகம் அமைக்கும் முறை

நீலகிரியைக் களமாகக் கொண்ட அறிவியல் புனைகதைக்காகப் போர்ப் பொறியாளர் உடலில் பூட்டிக்கொள்ளும் விசைச் சட்டகம் ஒன்றைக் கற்பனை செய்பவர், ஆயுதங்களுக்கு முன்பு எடையையும் மின்கலத்தையும் முடிவு செய்ய வேண்டும். சட்டகம் 120 கிலோ, அணிபவர் 70 கிலோ எனக் கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏறுவதற்கு, இந்த 190 கிலோவை உயர்த்தும் வேலைக்கு மட்டும் 0.7 யூனிட் மின்சாரம் தேவை. மோட்டாரிலும் பல்சக்கரங்களிலும் நான்கில் மூன்று பங்கு வீணானால் அது 3 யூனிட்டை நெருங்கும். கிலோவுக்கு 200 வாட்-மணி தரும் லித்தியம் மின்கலம் 10 கிலோ இருந்தாலும் கிடைப்பது 2,000 வாட்-மணி, அதாவது 2 யூனிட்தான். ஆகவே சட்டகத்தை லாரியில் கொண்டுவந்து, வேலை நடக்கும் கொண்டை ஊசி வளைவில் இறக்குங்கள்.

பொறியாளரின் வேலை கண்ணிவெடி அகற்றுவதும் பாலம் போடுவதுமாகும். 2024 நிலச்சரிவுக்குப் பின் அண்டை மாவட்டமான வயநாட்டின் சூரல்மலையில் ராணுவம் அமைத்த 190 அடி பெய்லி பாலம் (ஆயத்த இரும்புச் சட்டங்களை இணைத்து விரைவாக அமைக்கும் பாலம்) இதற்கு நல்ல முன்மாதிரி. பெய்லி பாலத்தின் ஒரு சட்டம் ஏறத்தாழ 260 கிலோ. வழக்கமாக ஆறு பேர் சுமப்பதை இரண்டு சட்டகங்கள் சுமக்கலாம். ஆனால் அப்போது ஒவ்வொன்றின் பாதமும் 320 கிலோவைத் தாங்குவதால், சரிந்த ஈர மண்ணில் புதையாதிருக்க அகலமான பாதத்தகடு வேண்டும்.

ஒரே சட்டகத்தை, சட்டகங்கள் ஒன்றோடொன்று மோதும் அரங்கச் சண்டைக்கும் அனுப்ப நினைத்தால், மூட்டுகளின் பிரேக்கில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. பாலச் சட்டத்தைத் தாங்கியிருக்கும்போது மின்சாரம் நின்றால், மூட்டுகள் அப்படியே இறுகிச் சுமையைப் பிடித்திருக்க வேண்டும். அரங்கில் எதிராளியின் பிடியில் சிக்கியிருக்கும்போது நின்றாலோ, மூட்டுகள் தளர்ந்து உள்ளிருப்பவரை விடுவிக்க வேண்டும். இரண்டையும் தேர்ந்தெடுக்கும் நெம்புகோலை மார்பிலோ இடுப்பிலோ வையுங்கள். அது தவறான நிலையில் இருந்துவிடுவதே எந்த வில்லனையும்விட நல்ல கதைத் திருப்பம் என்பது என் கருத்து. முழங்கையும் முழங்காலும் எதிர்ப்பக்கம் மடங்காதபடி இரும்புத் தடைகளும் கட்டாயம். 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் முயன்ற ஹார்டிமேன் சட்டகம், முழுவதுமாக இயக்கப்பட்டபோது கட்டுக்கடங்காமல் துள்ளியது. மனிதரை உள்ளே வைத்து அதை முழுமையாக இயக்கவே இல்லை.

அரங்கிற்கு மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் தரைத்தளம் பொருந்தும். தோடர் இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தூக்கி வலிமை காட்டும் வழக்கம் இம்மலையில் உண்டு; முதல் சுற்றை அப்படியே கல் தூக்கலாக வைத்தால் இரும்புக் கைகளின் நுணுக்கமும் வெளிப்படும், ஆளுக்கு ஆபத்தும் குறையும்.

உதகையில் உறைபனி விழும் மாதங்களில் கதை நடந்தால், சார்ஜ் செய்யும் காட்சியை வெளியே வைக்காதீர்கள். உறைநிலைக்குக் கீழ் லித்தியம் மின்கலத்தைச் சார்ஜ் செய்தால் அது கெட்டுவிடும்.