போன் ஜன்னலோரம், மெசேஜ் மேஜையில்

சிவகாசியில் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் வடிவமைப்பது என் தொழில். மேஜையில் இருப்பது ஐமேக், கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன். உள்ளறையில் சிக்னல் சுத்தமாக வராது என்பதால் போன் எந்நேரமும் ஜன்னல் திண்டில்தான் கிடக்கும். அட்வான்ஸ் வரவானதற்கு வங்கி மெசேஜ், பார்சல் ஆபீஸிலிருந்து எல்ஆர் (லாரி ரசீது) நம்பர், நடுவில் ஒரு ஓடிபி. ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய் வருவதற்குள் எந்த வரியில் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துபோகும். ஐபோன் வாங்கினால் மேக்கிலேயே வந்துவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஓடிபி பார்ப்பதற்காகவா அவ்வளவு காசைக் கொட்டுவது?

வாட்ஸ்அப்பைக் கணினியில் திறக்கத் தெரியாதவர் இல்லை. எஸ்எம்எஸ்ஸுக்கும் கூகுள் தன் மெசேஜஸ் செயலியில் 2018லேயே அதே மாதிரி வழி செய்துவிட்டது. அது ஏனோ பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் போனில் எந்தச் செயலி எஸ்எம்எஸ் வாங்குகிறது என்று பாருங்கள். சில போன்களில் கம்பெனியின் சொந்த மெசேஜ் செயலி இருக்கும். அது இதற்கு உதவாது. பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் மெசேஜஸை இறக்கி, அதையே போனின் டிபால்ட் (வழக்கமான) மெசேஜ் செயலி ஆக்கிக்கொள்ளுங்கள். பழைய மெசேஜ்கள் எங்கும் போய்விடாது.

கணினியில் குரோமோ சஃபாரியோ திறந்து மெசேஜஸ் டாட் கூகுள் டாட் காம் ஸ்லாஷ் வெப் என்ற முகவரிக்குப் போனால் ஒரு க்யூஆர் கோட் வரும். போனில் மெசேஜஸைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, டிவைஸ் பேரிங் போய் அந்தக் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். கூகுள் கணக்கு வழியாகவும் இணைக்கலாம். அப்போது கணினியில் ஒரு எமோஜி வரும், அதையே போனிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்தக் கணினிக்கு அது வசதி. இவ்வளவுதான் வேலை, இரண்டு நிமிடம்கூட ஆகாது. மேக்கில் சோனோமா என்ற மேக்ஓஎஸ் பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருந்தால் சஃபாரியின் ஃபைல் மெனுவில் ஆட் டு டாக் கொடுத்து, தனிச் செயலி மாதிரி கீழே உட்கார வைத்துவிடலாம்.

எனக்குத் தலைவலி வந்தது அதற்கு அப்புறம்தான். காலையில் நன்றாக வரும், மதியம் போன் இணைப்பில் இல்லை என்று காட்டும். கணினியில் நாம் பார்ப்பது போனின் நிழல்தான். மெசேஜ் வருவதும் போவதும் போன் வழியாகவே. போன் உயிரோடு இருக்க வேண்டும், அதற்கு இன்டர்நெட்டும் வேண்டும். என் போனோ பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் மெசேஜஸைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் மெசேஜஸ், அதில் பேட்டரி போய் அன்ரெஸ்ட்ரிக்டட் என்று வைத்தேன். போனை வைஃபையில் விட்டேன். அன்றோடு தொல்லை தீர்ந்தது. இதே பக்கத்தை வேறு கணினியிலோ பிரவுசரின் வேறு டேபிலோ திறந்தால் இங்கே நின்றுவிடும். யூஸ் ஹியர் என்று கேட்கும், அதை அழுத்தினால் போதும்.

ஊரில் அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். இப்போது அவருக்குத் தமிழ்99 விசைப்பலகையில் இங்கிருந்தே எழுதுகிறேன். கை ஓடுகிறது என்று நீட்டி எழுதினால் கணக்கு இடிக்கும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து பிடிக்கும், தமிழில் 70தான். அதுவும் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. ‘அம்மா’ நமக்கு மூன்று எழுத்து. போனுக்கு அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து. ஆக ஏழெட்டுச் சொல்லிலேயே ஒரு மெசேஜ் தீர்ந்துவிடும். 70ஐத் தாண்டினால் 67, 67ஆக உடைத்து அனுப்பும், ஒவ்வொன்றும் தனி எஸ்எம்எஸ் கணக்கு. ஆங்கில மெசேஜில் ஒரே ஒரு எமோஜி வைத்தாலும் அதுவும் 70க்கு இறங்கிவிடும். ரீசார்ஜில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ் இருந்தால் கவலையில்லை, இல்லாதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மாதிரி டிடிபி ஆட்களுக்கு இன்னொன்று. பாமினி எழுத்துருவில் அடித்த முகவரியை அப்படியே நகலெடுத்து மெசேஜில் ஒட்டாதீர்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாகத்தான் போய்ச் சேரும். போன்கள் படிக்கிற யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

பெரிய திரையில் அனுப்பியவர் பெயரும் பளிச்சென்று தெரிகிறது. 2025 முதல் வங்கி, கம்பெனி மாதிரி இடங்களிலிருந்து வரும் மெசேஜில் அந்தப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து சேர்கிறது: விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. பணம் வரவாகிவிட்டது என்று பத்து இலக்க நம்பரிலிருந்து மெசேஜ் வந்தால் நான் பத்திரிகைக் கட்டை எடுத்துக் கொடுப்பதில்லை.

ஒரு தடவை புரூஃப் பார்க்கப் போன அச்சகத்தில், அவர்கள் கணினியிலேயே என் போனை இணைத்து ஒரு ஓடிபி எடுத்தேன். இந்தக் கணினியை நினைவில் வை என்ற பொத்தானையும் பழக்க தோஷத்தில் தட்டிவிட்டேன். மறுநாள் டிவைஸ் பேரிங்கில் தற்செயலாகப் பார்த்தால் அந்தக் கணினி அப்படியே பட்டியலில் இருக்கிறது! ஒரு ராத்திரி முழுக்க என் வங்கி மெசேஜ் அத்தனையும் அங்கே யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்து கிடந்திருக்கிறது. அங்கே யாரும் தப்பானவர்கள் இல்லை, இருந்தாலும் வயிற்றைக் கலக்கிவிட்டது. போனில் அதே டிவைஸ் பேரிங் பட்டியலில் அன்பேர் கொடுத்தால் இணைப்பு உடனே அறுந்துவிடும். வெளியிடத்தில் இணைத்தால் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

என் உதவியாளர் பெண்ணுக்கு நிலைமை தலைகீழ்: கையில் ஐபோன், கோரல்டிராவுக்காக மேஜையில் விண்டோஸ் 11. அவளுக்கு மைக்ரோசாஃப்டின் போன் லிங்க் செயலி. ப்ளூடூத்தில் இணைத்த பிறகு ஐபோனின் ப்ளூடூத் பட்டியலில் கணினிப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ‘ஐ’ குறியைத் தொட்டு, நோட்டிஃபிகேஷனையும் கான்டாக்டையும் அனுமதிக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுத்தான் மெசேஜ் வரவில்லை என்கிறார்கள். வந்தாலும் முழுச் சாப்பாடு இல்லை. பழைய உரையாடல்கள் தெரியாது, குழு மெசேஜ் கிடையாது. போனை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனால் இணைப்பும் கூடவே போய்விடும். ஓடிபிக்கு அது போதும் என்கிறாள்.

தம்பி கணினியில் உபுண்டு லினக்ஸ் வைத்திருக்கிறான். அவன் போனும் ஆண்ட்ராய்டு என்பதால் போனையும் கணினியையும் இணைக்கும் கேடிஇ கனெக்ட் செயலியைப் பயன்படுத்துகிறான். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கணினியும் போனும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்றால் கணினிக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலில் 1714 முதல் 1764 வரையுள்ள போர்ட்டுகளை (இணைப்பு வாசல்களை) திறந்துவிட வேண்டும்.