‘பை’: எங்கே ‘-க்குள்’, எங்கே ‘-ஆல்’?

ஆங்கிலத்தில் ‘பை’ (by) சின்னச் சொல்தான். ஆனால் அலுவலகக் கடிதங்களில் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

கெடு சொல்லும்போது, தமிழில் ‘-க்குள்’ வருகிறதா என்று முதலில் பாருங்கள். ‘வெள்ளிக்குள் அனுப்புகிறேன்’ என்றால் ‘பை ஃப்ரைடே’. வெள்ளியும் அதில் அடக்கம். ‘வெள்ளி வரை இருப்பேன்’ என்றால் ‘அன்டில் ஃப்ரைடே’. ‘ஐ வில் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதினால், வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்று பொருளாகிவிடும். பின்னால் பேச்சு வராமலிருக்க மணியையும் சேர்த்துவிடுங்கள்: ‘பை 5 பி.எம். ஃப்ரைடே’.

செய்த ஆளைச் சொல்லவும் ‘பை’தான்: ‘சைன்டு பை த மேனேஜர்’. கையிலிருக்கும் கருவிக்கு ‘வித்’: ‘கட் வித் எ நைஃப்’. தமிழில் இரண்டுக்கும் ‘-ஆல்’ வருவதால்தான் இந்தக் குழப்பம்.

‘பை பஸ்’ சரி. ‘பை மை கார்’ தவறு, ‘இன் மை கார்’ என்க. நடந்து வந்தால் ‘ஆன் ஃபுட்’.

கணக்கில் கவனம் தேவை. 100 ரூபாய் விலை 120 ஆனால் ‘பை 20’ ஏறியது, ‘டு 120’ ஏறியது. ‘பை 120’ என்று எழுதினால் விலை 220 ஆகிவிடும்.