கறவை மாட்டுக்குப் புண்ணாக்கு: கை தவறும் இடங்கள்

சொசைட்டியில் பாலுக்குக் கொழுப்பு குறைந்துவிட்டதென்றால் நம்மில் பெரும்பாலோர் உடனே புண்ணாக்கை ஒரு படி கூட்டுவோம். பத்து நாளில் கொழுப்பு இன்னும் இறங்கும். புண்ணாக்கில் கலப்படம் என்று கடைக்காரர் மேல் கோபம் வரும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நான் பார்த்த பல கட்டுத்தரைகளில் கோளாறு மூட்டையில் இல்லை, வைக்கிற முறையில் இருந்தது.

வைக்கோலையும் பருத்திக்கொட்டைத் தோலையும் உடைக்கும் நொதி மாட்டின் உடம்பில் சுரப்பதே இல்லை. அந்த வேலையைச் செய்வது பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். வளர்ந்த பசுவின் பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். உள்ளே 39 டிகிரி சூடு, காற்று கிடையாது. அந்தத் திரவத்தில் ஒரு மில்லி எடுத்தால் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள், லட்சக்கணக்கில் புரோட்டோசோவாக்கள், கூடவே பூஞ்சைகள். காற்றில்லாத இடத்தில் பூஞ்சை வாழாது என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1975-இல் கோலின் ஆர்ப்பின் என்ற ஆய்வாளர் செம்மறி ஆட்டின் வயிற்றிலிருந்தே எடுத்துக் காட்டினார். இவையெல்லாம் சேர்ந்து நாரைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்ரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த அமிலங்களிலிருந்து வருவது. மடியில் பால்கொழுப்பு உருவாக முக்கியமான மூலப்பொருள் அசிட்டிக் அமிலம். அதனால் கொழுப்பு இறங்கினால், வயிற்றில் நார் சரியாக உடைகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

நார் உடைவதைக் கெடுப்பதில் நாம் அதிகம் கவனிக்காதது எண்ணெய். "எண்ணெய்ச் சத்து போனால் கொழுப்பு ஏறும்" என்று கடலை எண்ணெயைத் தீவனத்தில் ஊற்றுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். எண்ணெய் நாரின் மேல் படிந்து நுண்ணுயிரை ஒட்டவிடாது. கடலை, எள், பருத்தி எண்ணெய்களில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு நார் உடைக்கும் பாக்டீரியாக்களுக்கு நஞ்சு போலவே வேலை செய்யும். மாடு ஒரு நாளைக்குத் தின்னும் உலர்ந்த தீனி மொத்தத்தில் எண்ணெய் 6 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊற்றாமலேயே தாண்டிவிடலாம் என்பதுதான் விஷயம். என் சொந்தக் கணக்கையே சொல்கிறேன். கலப்பினப் பசு ஒன்றுக்கு 5 கிலோ வைக்கோல், எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு 3 கிலோ, ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டை 1.5 கிலோ, மரச்செக்குக் கடலைப் புண்ணாக்கு 1.5 கிலோ வைத்துக்கொண்டிருந்தேன். மொத்தம் 11 கிலோ. தவிட்டில் எண்ணெய் 15 சதவீதம் அளவில் இருக்கும், அது 450 கிராம். பருத்திக்கொட்டையில் 18 சதவீதம் என்றால் 270. புண்ணாக்கில் 8 சதவீதம் என்றால் 120. வைக்கோலோடு சேர்த்து 900 கிராமைத் தாண்டியது, அதாவது 8 சதவீதம். நல்லதை மட்டுமே கொடுக்கிறோம் என்ற நிம்மதியில் அந்த மாட்டின் பாலில் கொழுப்பு 4.1-இலிருந்து 3.3-க்கு வந்ததை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டுவதை நிறுத்தி, எண்ணெய் எடுத்த தவிட்டுக்கு மாறிய பிறகுதான் ஏறியது. பருத்திக்கொட்டையை முழுசாகத் தின்றால் எண்ணெய் கொஞ்சங்கொஞ்சமாக வெளிவரும்; ஆட்டி வைத்தால் ஒரேயடியாக இறங்கும். மரச்செக்குப் புண்ணாக்கு நல்லதுதான், நானும் அதைத்தான் வாங்குகிறேன். ஆலையில் கரைப்பான் போட்டு எண்ணெய் எடுத்ததில் 1 சதவீதம் அளவே எண்ணெய் மிஞ்சும், செக்கில் ஆட்டியதில் அதைப் போலப் பல மடங்கு. இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு மற்றதைக் குறைக்க வேண்டும். வயிறு உப்பிய மாட்டுக்கு டாக்டர் சொல்லி ஒரு தடவை எண்ணெய் ஊற்றுவது வேறு, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

புண்ணாக்கே வைக்காமல் வெறும் வைக்கோலில் மாட்டை விடுவதும் தவறுதான். நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். நுண்ணுயிர்கள் பெருகி நாரை உடைக்க மொத்தத் தீனியில் 7 சதவீதமாவது வேண்டும். தினம் அரைக் கிலோ புண்ணாக்கு கூடச் சேர்ந்தால் அதே வைக்கோல் இன்னும் நன்றாகச் செரிக்கும். கோடையில் வறட்டு மாட்டுக்குப் புண்ணாக்கு எதற்கு என்று மிச்சம் பிடிக்கிறவர்கள் அந்த வைக்கோலில் ஒரு பங்கைச் சாணியில் கொட்டுகிறார்கள்.

ஒரே வேளையில் கொட்டுவது அடுத்தது. கடலைப் புண்ணாக்கின் புரதம் வயிற்றில் வெகு வேகமாகக் கரைந்து அமோனியாவாகும். கூடவே மாவுச்சத்தும் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துத் தங்கள் உடம்பாக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் கல்லீரலுக்கு வேலை வைத்து மூத்திரத்தில் போய்விடும். அன்றாட அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, முதலில் சோளத்தட்டோ வைக்கோலோ போட்டு, பிறகு புண்ணாக்கு வைக்க வேண்டும்.

ராத்திரியே ஊறப்போட்டுக் கழுநீரில் கரைத்துக் குடிக்க வைக்கும் வழக்கம் நம் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. மாடு அதை நான்கு மிடறில் உறிஞ்சிவிடும், மெல்லாது. மெல்லாவிட்டால் எச்சில் ஊறாது. ஒரு பசு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் விடுகிறது. அதிலுள்ள சோடா உப்புதான் வயிற்றில் புளிப்பு ஏறாமல் காக்கிறது. வெயில் காலத்தில் பாத்திரத்திலேயே அது புளித்துவிடுவது தனிக் கதை. லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்தால் போதும், தண்ணீரைத் தனியாகக் காட்டலாம்.

புளிப்பு என்றதும் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை மாட்டுக்குக் கொட்டாதீர்கள். மாவுச்சத்து சில மணி நேரத்தில் லாக்டிக் அமிலமாகி வயிறு புளித்து, நார் உடைக்கும் கூட்டம் கூண்டோடு சாகும். பெருவயிற்றின் அமிலகாரநிலை (pH) 6-க்குக் கீழே போனாலே அவற்றுக்குத் தாங்காது. பக்கத்துத் தோட்டத்தில் விருந்துக்கு மறுநாள் காலையில் படுத்த பசு எழுந்திருக்கவே இல்லை. அந்த வீட்டுப் பாட்டி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

புண்ணாக்கு மாற்றுவதென்றாலும் பழையதில் கொஞ்சம் குறைத்துப் புதியதில் கொஞ்சம் கூட்டி, இரண்டு மூன்று வாரத்தில் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் கூட்டமும் மாற வேண்டும்.

வாங்கும்போது புரத அளவை மட்டும் கேட்பது பழகிவிட்டது. நாரையும் கேளுங்கள். தோலோடு ஆட்டிய பருத்திப் புண்ணாக்கிலும் சூரியகாந்திப் புண்ணாக்கிலும் நார் கால் பங்குவரை போகும், அதில் லிக்னின் என்ற, நாரை மரம்போல் இறுக்கும் பொருள் கலந்திருக்கும். காற்றில்லாத வயிற்றில் லிக்னினை உடைக்க நுண்ணுயிர்களால் ஏறக்குறைய ஆகாது. தேங்காய்ப் புண்ணாக்கின் நார் அப்படியல்ல, மெதுவாக என்றாலும் செரிக்கும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் போட்டாலும் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு போகாது. மறுநாளே பாலில் வரும். நம் வீட்டுக் குழந்தைகளும் அந்தப் பாலைத்தான் குடிக்கின்றன.

இதெல்லாம் வளர்ந்த மாட்டுக்கு. சின்னக் கன்றுக்குப் பெருவயிறு இன்னும் தயாராகவில்லை. பருத்தியிலுள்ள காசிபோல் நஞ்சைக் கட்டிப்போட உள்ளே ஆளில்லை, அதனால் கன்றுக்குப் பருத்திப் புண்ணாக்கு வேண்டாம். கோழிக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அதன் குடல்வால்கள் இரண்டிலும் நுண்ணுயிர் உண்டென்றாலும் முரட்டு நார் அங்கே நுழையாமல் எச்சத்தில் போய்விடும்.

வைக்கிறது செரிக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் போட்ட சாணியில் ஒரு கைப்பிடி எடுத்து, மாவு சலிக்கும் சல்லடையில் வைத்துக் குழாயடியில் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். விரல்நகக் கண்ணைவிடச் சின்னதாக, மெத்தென்ற நார் மிஞ்சினால் நல்லது. ஒரு அங்குல வைக்கோல் துண்டும் பருத்தித் தோலும் அப்படியே கிடந்தால் உள்ளே வேலை நடக்கவில்லை. பிறகு மாடு படுத்து அசைபோடும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். ஒரு கவளத்துக்கு 50, 60 தடவை மெல்ல வேண்டும். 40-க்குக் கீழே என்றால் அன்று சாயங்காலமே புண்ணாக்கைக் குறைத்துத் தட்டைக் கூட்டிவிடுகிறேன். மூன்று நாளில் எண்ணிக்கை ஏறாவிட்டால் டாக்டருக்குப் போன் போடுவேன்.