கிட்டாரின் தலையில் கை வைக்க முதல்

போன கிழமை பட்டறைக்குள் நுழையும்போதே தின்னர் மணம் மூக்கில் அடித்தது. வேலை பழகும் தம்பி ஒருவன் ஃபென்டர் கம்பனியின் பழைய ஸ்ட்ரட்டோகாஸ்டர் கிட்டார் ஒன்றை மடியில் கிடத்தி, தலையில் இருந்த பெயரைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தான். "எழுத்து மங்கிப்போச்சு அண்ணை. இதை எடுத்துப்போட்டு புதுசா ஒண்டு ஒட்டுவம், ஆள் சந்தோசப்படும்" என்றான். பஞ்சைப் பறித்துவிட்டுப் பார்த்தேன். நல்லகாலம், முதல் எழுத்தின் வால் மட்டும்தான் போயிருந்தது.

அவன்மேல் கோபப்பட முடியவில்லை. அவன் வயதில் அதே நினைப்போடு அதே வேலையை நானும் செய்திருக்கிறேன். கிளிநொச்சிப் பக்கம் இப்போது கிட்டார் திருத்தப் பழகும் பெடியள் பலரைப் பார்க்கிறேன். வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்து விட்டுப்போகும் பழைய கிட்டார்கள் இவர்கள் கைக்குத்தான் வருகின்றன. கீறாதே, வெயிலில் வைக்காதே என்பதெல்லாம் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தலையில் இருக்கும் பெயரை என்ன செய்யக்கூடாது என்பதுதான் யாரும் சொல்லித்தராத விசயம்.

எழுத்தைப் பார்த்த உடனே வயது சொல்வது

ஃபென்டரின் எழுத்து காலத்துக்குக் காலம் மாறியது உண்மைதான். 1950களில் மெல்லிய கோட்டில், சுழித்து எழுதியதுபோல இருந்தது. வெளிநாட்டில் இதை ஸ்பகெட்டி எழுத்து என்பார்கள். எங்கள் பெடியளுக்கு அது இடியப்ப எழுத்து. 1960களின் நடுவில் எழுத்து தடித்து, கறுப்புக் கரையோடு பொன்னிறத்தில் வந்தது. 1968 அளவில் முழுக் கறுப்பானது. இடையில் 1965 ஜனவரியில் லியோ ஃபென்டர் கம்பனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு விற்றார். அந்த ஆண்டின் கடைசியில் ஸ்ட்ரட்டோகாஸ்டரின் தலையே பெருத்துவிட்டது. அதுவரை நெக்கை (கிட்டாரின் கழுத்தை) உடலோடு பிடிக்கும் தகட்டில் இருந்த தொடர் இலக்கம் 1976 இல் தலைக்கு ஏறியது.

இவ்வளவையும் பாடமாக்கியவன்தான் முதலில் ஏமாறுவான். ஏனென்றால் 1982 இல் ஃபென்டர் தன்னுடைய 1957, 1962 மாதிரிகளைத் திரும்பச் செய்யத் தொடங்கி, பழைய இடியப்ப எழுத்தையே அவற்றில் ஒட்டியது. அந்த எழுத்து 1958 கிட்டாரிலும் இருக்கும், 1990 கிட்டாரிலும் இருக்கும். ஆகவே நெக்கைக் கழற்றுங்கள். பழைய ஃபென்டர்களில் நெக்கின் அடியில் பென்சிலாலோ ரப்பர் முத்திரையாலோ திகதி போட்டிருப்பார்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வொலியூம் பொட் உள்ளே இருக்கும்; அதன் முதுகில் ஓர் எண்ணும் இருக்கும். 1376632 என்று இருந்தால் 137 என்பது பொட்டைச் செய்த சிடிஎஸ் கம்பனி, 66 ஆண்டு, 32 கிழமை. கிட்டார் அதற்கு முந்தியதாக இருக்கமுடியாது, பொட்டை யாரும் மாற்றியிருந்தாலொழிய. சோல்டர் பழையதா, புதிதா என்று பார்த்தால் அதுவும் விளங்கிவிடும்.

சின்ன எழுத்தைச் சுரண்டி எடுப்பது

நான் செய்த பிழை இது. இன்றைக்கும் இதை யாராவது செய்யக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்தபிறகு லண்டனில் இருந்து ஒருவர் ஊருக்கு வந்தார். வரும்போது தன் கிட்டாரையும் கொண்டுவந்திருந்தார். வொலியூமைத் திருகினால் கரகரவென்று சத்தம். நான் அப்போது ஒரு ரேடியோ திருத்தும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். கிட்டாரை முதலாளியிடம் விட்டுப்போனார், முதலாளி என்னிடம் தந்தார். பொட்டைக் கழுவிப் பூட்ட அரை மணித்தியாலமும் ஆகவில்லை.

அப்புறம்தான் தலையைப் பார்த்தேன். பெரிதாக ஃபென்டர் என்று இருந்தது. கீழே, தலையின் உருண்டையான நுனியில், சின்னதாக 'ஸ்குவையர் சீரிஸ்' என்று ஒரு வரி. ஸ்குவையர் என்றால் மலிவு என்று எங்கேயோ கேட்டிருந்தேன். இந்தச் சின்ன வரிதான் நல்லதொரு கிட்டாரைத் தரம் இறக்குகிறது என்று நினைத்தேன். பிளேட்டின் நுனியால் மெல்லக் கிளப்பி, மிச்சத்தைத் தின்னரால் துடைத்தேன். வேலை முடிந்தபோது அந்த மனிதருக்கு ஒரு நன்மை செய்துவிட்டேன் என்றே நம்பினேன்.

அவர் வந்து கிட்டாரை வாங்கினார். சத்தத்தைப் பார்க்க முதல் தலையைப் பார்த்தார். அந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். "இதில இருந்த எழுத்து எங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார். லண்டனுக்குப் போன புதிதில், முதல் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய கிட்டாராம். காசைக் கொடுத்துவிட்டு, வேறொன்றும் கதைக்காமல் போய்விட்டார். அந்த மரத்தில் நான் விட்டுவைத்தது இரண்டு அடையாளங்கள். ஒன்று, எழுத்து மூடியிருந்த இடம் சுற்றியிருந்த மஞ்சளைவிட வெளிறி, அந்த இரண்டு சொல்லின் நிழலாகவே தெரிந்தது. மற்றது, தின்னர் பட்டு அரக்குப் பூச்சு (லாக்கர்) இளகிய, நக அளவு வெள்ளைத் தழும்பு.

அது என்ன கிட்டார் என்று எனக்கு விளங்கப் பல வருசம் சென்றது. ஸ்குவையர் என்பது அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்த, வாத்தியக் கம்பி செய்யும் பழைய கம்பனியின் பெயர். 1965 இல் ஃபென்டர் அதை வாங்கியது. 1970களில் ஜப்பான்காரர்கள் ஃபென்டரைப் பார்த்துச் செய்த கிட்டார்கள் அசலோடு போட்டிபோடும் அளவுக்கு நன்றாக வந்தன. அதனால் 1982 இல் ஃபென்டர் ஜப்பானிலேயே கிளை தொடங்கி, மட்சுமோட்டோவில் இருந்த ஃபுஜிகென் தொழிற்சாலையில் 1957, 1962 மாதிரிகளைச் செய்வித்தது. ஐரோப்பாவுக்கு முதலில் வந்த தொகுதியில்தான் ஃபென்டர் பெரிதாகவும் ஸ்குவையர் சீரிஸ் சின்னதாகவும் இருந்தது. 1983 க்குள் அது தலைகீழானது: ஸ்குவையர் பெரிதாகி, 'பை ஃபென்டர்' சின்னதானது. தகட்டில் ஜேவி என்று தொடங்கும் இலக்கத்தோடு, பெரிய ஃபென்டரும் சின்ன ஸ்குவையரும் சேர்ந்து இருப்பது அந்தக் குறுகிய காலத்தின் கிட்டார். இன்று அதைத் தேடி வாங்குகிறார்கள்.

அந்தச் சின்ன வரி இருக்கும்வரை அது முதல் தொகுதி ஜப்பான் கிட்டார். வரியை எடுத்துவிட்டால், அமெரிக்கன் என்று பொய் சொல்லும் ஒரு கிட்டார். வாங்க வருபவர் தழும்பைப் பார்த்ததும் கம்பியின் சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்பையும் சந்தேகிப்பார், நெக்கையும் சந்தேகிப்பார், விற்பவரையும் சந்தேகிப்பார். விலை அங்கேயே விழுந்துவிடும். உலகம் முழுக்கப் பலர் இதே வரியை இதே நினைப்பில் சுரண்டியிருக்கிறார்கள் என்று பின்னர் அறிந்தபோது, எனக்கு ஆறுதல் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

இதைச் சொன்னால் ஒரு பெடியன் கேட்பான்: "ஃபென்டரே வெட்டினதுதானே?" உண்மை. 1951 தொடக்கத்தில், தங்கள் கிட்டார் ஒன்றுக்கு வைத்த பிரோட்காஸ்டர் என்ற பெயரை கிரெட்ச் கம்பனி ஏற்கனவே தன் டிரம்ஸுக்கு வைத்திருந்ததால், ஃபென்டர் ஆட்கள் டெக்கலில் (தலையில் ஒட்டும் பெயர்த் தாளில்) இருந்து அந்தச் சொல்லைக் கத்தரித்து, ஃபென்டர் என்பதை மட்டும் ஒட்டினார்கள். அந்தக் கிட்டாருக்கு டெலிகாஸ்டர் என்ற பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. இடையில் வந்த பெயரில்லாத கிட்டார்களை இன்று நோகாஸ்டர் என்று தேடி வாங்குகிறார்கள். ஆனால் அவர்கள் வெட்டியது ஒட்டுவதற்கு முன், தங்கள் சொந்தப் பொருளில். நானும் இந்தத் தம்பியும் கை வைத்தது இன்னொருவருடைய பொருளில்.

எழுத்தின்மேல் துடைப்பது

1950களின் ஃபென்டர்களில் டெக்கல் அரக்குக்கு மேலேதான் ஒட்டப்பட்டிருக்கும். அதைக் காக்க மேலே ஒன்றும் இல்லை. தின்னர், பெற்றோல், நகப்பூச்சு நீக்கி மூன்றும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, எழுத்தைச் சுற்றி மட்டும் துடையுங்கள். எங்கள் ஊர்ச் செம்புழுதி எழுத்தின் கரையில் பிடித்திருந்தால் பிடித்தபடி இருக்கட்டும்.

மங்கிய எழுத்துக்கு மேல் வார்னிஷ்

அடிக்காதீர்கள்.

யமஹாவுக்கு மோட்டார் சைக்கிள் ஸ்டிக்கர்

இது எங்கள் பக்கத்தில் மட்டும் நடக்குமோ தெரியாது, நான் மூன்று கிட்டாரில் கண்டுவிட்டேன். யமஹா எழுத்து உரிந்தால் சந்தியில் இருக்கும் ஸ்டிக்கர் கடைக்குப் போய், மோட்டார் சைக்கிள் டாங்கியில் ஒட்டும் சின்னத்தை வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. 1955 இல் யமஹா மோட்டார் தனிக் கம்பனியாகப் பிரிந்தது. இரண்டு சின்னத்திலும் மூன்று இசைக்கவைகள் உண்டு. இசைக் கம்பனியின் சின்னத்தில் கவைகளின் நுனி வட்டத்துக்குள் அடங்கும். மோட்டார் சைக்கிளில் வெளிவட்டத்தைத் தொடும். தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பழைய யமஹாவில் துளைக்குள் தெரியும் காகிதத்தையும் உரிக்காதீர்கள். நிப்பொன் கக்கி என்று இருந்தால், கம்பனி 1987 இல் யமஹா கோர்ப்பரேசன் என்று பெயர் மாற முதல் அச்சடித்த காகிதம் அது. ஒரு கோயில் இசைக்குழுவின் கிட்டாரில் அதைச் சுரண்டி, துளைக்குள் பெயின்ட் அடித்து அனுப்பியிருந்தார்கள்.

புது டெக்கல் வாங்கி ஒட்டுவது

வேண்டாம். சொந்தக்காரர் பிடிவாதமாக நின்றால், ஒட்டிய திகதியை நெக்கின் அடியில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

அந்த ஸ்ட்ரட்டோகாஸ்டரைப் பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் படம் எடுத்து, வால் போன எழுத்தோடு சொந்தக்காரருக்கு அனுப்பி, நடந்ததைச் சொன்னோம். தம்பியே தொலைபேசியில் கதைத்தான். கிட்டார் இப்போது கம்பி மாற்றக் காத்திருக்கிறது. தின்னர்ப் போத்தல் பூட்டிய அலுமாரிக்குள்.