நண்பருடன் காஞ்சிபுரத்தில் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகல் பன்னிரண்டரை மணிக்குக் கைலாசநாதர் கோயில் வாசலில் யாராவது இரண்டு பேர் பூட்டிய கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார்கள். நான் பிறந்து வளர்ந்த பிள்ளையார்பாளையம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான் என்பதால், அந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் ஆசையாக வந்தவர்கள், வாசலோடு திரும்பும்போது மனம் கேட்பதில்லை.

காஞ்சிபுரத்துக் கோயில்கள் உச்சிப்பொழுதில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். இதைக் கணக்கில் வைக்காமல் ஒன்பது மணிக்குச் சென்னையில் கிளம்புவதுதான் முதல் தவறு. வெயிலுக்கு முன்பே ஊருக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு விடியற்காலையில் பஸ் ஏறினால்தான் சரிப்படும். வந்ததும் பெரும்பாலோர் காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர் என்று தொடங்கிவிட்டு, ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் கைலாசநாதரைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு. காலை முதல் வேலையாக அங்கே போங்கள். கிழக்கு பார்த்த கோயில். மணற்கல்லில் இளவெயில் படும்போது சிற்பங்களின் மடிப்பெல்லாம் தெரியும். வெயில் ஏறிவிட்டால் வெறும் காலுக்குக் கல்தரை சுடும்; எதையும் நின்று பார்க்க முடியாது.

அங்கே போயும் சாமி கும்பிட்டுவிட்டு உடனே வெளியே வந்துவிடுவது அடுத்த தவறு. இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கோயில் இது. சுற்றுமதிலை ஒட்டி 58 சிறு சன்னதிகள் வரிசையாக நிற்கின்றன. சிலவற்றின் உட்சுவரில் பல்லவர் கால ஓவியம் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. ஒரு கண், ஒரு கை, மங்கிய செம்மண் நிறம். குனிந்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியை வென்று உள்ளே வந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இந்தக் கோயிலின் செல்வத்தைக் கவராமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு அது. எதிரியின் ஊரில் ஒரு மன்னன் இப்படி எழுதிவைத்துவிட்டுப் போனதை உங்கள் நண்பருக்குக் காட்டாமல் வராதீர்கள். கருவறையைச் சுற்றிய குறுகிய வழியில் தவழ்ந்து வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. முழங்கால் வலி உள்ளவரையோ, நெருக்கமான இடம் என்றால் மூச்சு முட்டுகிறவரையோ அதற்குள் வற்புறுத்தி அனுப்ப வேண்டாம்.

அடுத்து, பலரும் தவறவிடும் வைகுந்தப் பெருமாள் கோயில். திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம் இதுதான். கல்லூரித் தோழி ஒருத்தி வந்தபோது ஆறு கோயில் காட்டியே தீருவது என்று நானும் பட்டியல் போட்டிருந்தேன். இந்தக் கோயிலின் சுற்று மண்டபத்தில், சிங்கத் தூண்களுக்குப் பின்னால், சுவர் நெடுகப் பல்லவர் வரலாறு சிற்பமாக ஓடுகிறது. ஓர் இடத்தில் அவள் நின்றுவிட்டாள். "இன்னும் மூன்று கோயில் பாக்கி இருக்கிறது, வா" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்ன என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. பல்லவ மன்னன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்தபின், அரசாள ஒருவரைத் தேடிப் போனவர்கள், பல்லவக் கிளைவழியில் வந்த இரணியவர்மனின் பிள்ளைகளைக் கேட்கிறார்கள். மூத்தவர்கள் மறுக்க, பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன் "நான் போகிறேன்" என்கிறான். பின்னாளில் நந்திவர்மனாக இந்தக் கோயிலைக் கட்டியவன் அந்தச் சிறுவன்தான். அதன்பின் அன்று நாங்கள் பார்த்த மூன்று கோயில்களில் எதுவும் அவளுக்கு நினைவில்லை. காலையில் இந்த இரண்டு கோயில்களே போதும். கிளம்புவதற்கு முன்பே, யாருக்குச் சிற்பம், யாருக்குத் தரிசனம், யாருக்குப் புடவை என்று பேசிக்கொள்ளுங்கள்.

நடை சாத்தும் நேரம் பட்டுக்கு உகந்தது. ஆட்டோக்காரர் "தெரிந்த கடை" என்று கூட்டிப்போகும் இடத்துக்குப் போகாதீர்கள். அவருக்குச் சேரும் கமிஷனும் உங்கள் பில்லில்தான் ஏறும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகள் ஊரிலேயே இருக்கின்றன. சில்க் மார்க் முத்திரை கேளுங்கள். ஆனால் அது பட்டுநூலுக்கான உறுதி மட்டுமே, சரிகைக்கு அல்ல. சரிகையில் வெள்ளி எவ்வளவு என்பதைத் தனியாகக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஓரத்து இழை ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள்: பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும்.

முடிந்தால் வாங்குவதற்கு முன் ஒரு தறியைப் பாருங்கள். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குழித்தறியில் நெசவாளர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இன்னொருவர் கரைக்கான இழையைச் சுமக்கும் நாடாவைக் கோத்துக் கொடுக்க வேண்டும். குறுக்கே ஓடும் ஒவ்வோர் ஊடை இழைக்கும் இரண்டு பேர் கை. அதைப் பத்து நிமிடம் பார்த்தவர்கள், கடையில் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பதை நான் பார்த்ததில்லை.

மாலையில் ஏகாம்பரநாதர், வரதராசர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் இடையே நான்கு கிலோமீட்டருக்குக் குறையாது. நெரிசலில் அதுவே நேரத்தைத் தின்றுவிடும். 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய இராசகோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டுமானால் ஏகாம்பரநாதர். நூற்றுக்கால் மண்டபமும் கல் சங்கிலியும் வேண்டுமானால் வரதராசர். அங்கே போய் அத்திவரதரைத் தேடாதீர்கள். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறைதான் அவர் குளத்திலிருந்து வெளியே வருவார். 1979க்குப் பிறகு வந்தது 2019இல். மிளகும் சுக்கும் சீரகமும் போட்டு, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் அவிக்கும் கோயில் இட்லி பிரசாதக் கடையில் கிடைத்தால், விடாமல் வாங்கிச் சாப்பிடுங்கள்.

தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வைகாசிக் கருட சேவை அன்று ஊரே தெருவில் நிற்கும். பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களுக்கு அதைவிடச் சிறந்த நாள் கிடையாது. சுவரில் பல்லவமல்லனைத் தேடி வருகிறவர்கள் அடுத்த வாரம் வரலாம்.