தலைமைப் பொறுப்பில் துணிந்து முடிவெடுப்பது எப்படி?

பெங்களூரில் குழுத்தலைவராகப் பொறுப்பேற்கும் தமிழர் சிலர், வேலை நன்கு தெரிந்திருந்தும், மேலிடத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தே காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். முதலில், எடுக்கப்போகும் முடிவைத் திரும்பப் பெற முடியுமா என்று பாருங்கள். புதிய மென்பொருளை ஒரு குழுவில் மட்டும் சோதிப்பதென்றால் அன்றே முடிவெடுத்துவிடலாம். ஆள்குறைப்போ நீண்டகால ஒப்பந்தமோ அப்படியல்ல. அத்தகையவற்றுக்கு, உளவியலாளர் கேரி கிளைன் 2007-இல் எழுதிய கட்டுரையில் விளக்கிய முறை உதவும்: திட்டம் ஏற்கெனவே தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, அதற்கான காரணங்களை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். தலைவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள் என்பதால், அவர் கடைசியில் பேசுவதே நல்லது என்பேன்.

பழியை ஏற்பதுதான் கடினமான பகுதி. இஸ்ரோவின் எஸ்.எல்.வி-3 ஏவுகலம் 1979 ஆகஸ்டில் தோல்வியடைந்தபோது, திட்ட இயக்குநர் அப்துல் கலாமை முன்னே தள்ளாமல், தலைவர் சதீஷ் தவானே செய்தியாளர்களை எதிர்கொண்டார். 1980 ஜூலையில் அது ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோதோ, பேசும் வாய்ப்பைக் கலாமிடம் கொடுத்தார். உங்கள் குழு தவறினால், வாடிக்கையாளருக்குச் செல்லும் மின்னஞ்சலின் கீழே உங்கள் பெயரே இருக்கட்டும்.

சங்கடத்தைப் பழகிக்கொள்ளச் சிறிதாகத் தொடங்குங்கள். வாரக் கூட்டத்தின் முதல் சில நிமிடங்களைத் தட்டுத்தடுமாறியேனும் கன்னடத்தில் நடத்துங்கள். 'ஸ்வல்ப நிதானவாகி ஹேளி' (கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்) என்று கேட்பதில் கௌரவம் குறைந்துவிடாது. தலைவரே திணறுவதைக் காணும் இளையவர், தமக்குப் புரியாததைக் கேட்க அவ்வளவாகத் தயங்கமாட்டார். திருத்துபவரிடம் முகம் சுளித்தால் மட்டும், அந்தப் பயிற்சி அன்றோடு முடிந்துவிடும்.