தமிழ் ஆய்வுக் கட்டுரையில் சான்று காட்டும் முறை: ஆய்விதழுக்கு அனுப்புமுன் கவனிக்க வேண்டியவை

ஆய்விதழ்களிலிருந்து திரும்பி வரும் கட்டுரைகள் எல்லாம் கருத்துக் குறையால் திரும்புவதில்லை. 'புறநானூறு, ப. 214' என்று அடிக்குறிப்பு இருக்கும். எந்தப் பதிப்பின் 214ஆம் பக்கம் என்று இருக்காது. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்ததிலிருந்து புறநானூற்றுக்கு எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்தில் வேறொரு பாட்டு இருக்கும். மதிப்பீட்டாளர் அதைத் தேடிப் பார்க்க வழியே இல்லை. நீங்கள் பார்த்த அதே வரியை வாசகரும் போய்ப் பார்க்க முடிய வேண்டும். சான்று காட்டுவதன் பயன் அதுதான். இலக்கியம், கல்வெட்டு, சுவடி ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்ட தமிழ்க் கட்டுரைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் இதழின் நெறி

எழுதத் தொடங்கும்போதே எந்த இதழுக்கு அனுப்பப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த இதழின் நெறிமுறைத் தாளோடு, அண்மையில் வந்த இரண்டு கட்டுரைகளின் துணைநூற்பட்டியலையும் பாருங்கள். தாளில் சொல்லாமல் விட்ட பலவும் அச்சான கட்டுரைகளில் தெரியும்.

சான்று காட்டுவதற்கென்று உலகெங்கும் புழங்கும் முறைகள் எம்எல்ஏ, ஏபிஏ, சிகாகோ ஆகியவை. எம்எல்ஏ (9ஆம் பதிப்பு, 2021) ஆசிரியர் பெயரையும் பக்க எண்ணையும் கட்டுரைக்குள் கேட்கும். ஏபிஏ (7ஆம் பதிப்பு) பெயரையும் ஆண்டையும் கேட்கும். சிகாகோ முறையில் அடிக்குறிப்பு வழி ஒன்று, பெயர்–ஆண்டு வழி ஒன்று என இரண்டு உண்டு. இதழ் எதையும் குறிப்பிடாவிட்டால் பெயர்–ஆண்டு முறையை எடுப்பது நல்லது. பழந்தமிழ் நூல்களில் எந்தப் பதிப்பு என்பதுதான் முதல் கேள்வி. ஆண்டு கண்ணுக்கு முன்னால் இருந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். எதை எடுத்தாலும் ஒன்றையே எடுங்கள். இரண்டு முறைகள் கலந்த பட்டியல், வேறு கட்டுரைகளிலிருந்து வெட்டி ஒட்டியதோ என்ற ஐயத்தைக் கிளப்பும்.

செய்யுளுக்குப் பாட்டெண், உரைக்குப் பக்க எண்

சங்கத் தொகை நூல்களுக்குப் பாட்டெண்ணும் அடியெண்ணும் கொடுங்கள்: (குறுந். 40: 4–5). நெடும்பாட்டுகளுக்கு அடியெண் போதும்: (மதுரைக். 120–125). குறளுக்குக் குறள் எண். தேவாரத்துக்குத் திருமுறை, பதிகம், பாட்டு என்ற வரிசை: (1.1.1). எண்கள் நிலைத்துவிட்ட நூல்களில், எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் இப்படிக் காட்டிய இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

எல்லா நூல்களிலும் எண் அப்படி நிலையாக இல்லை என்பதை மறக்க வேண்டாம். தொல்காப்பியத்தில் இளம்பூரணர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை நச்சினார்க்கினியர் இரண்டாகப் பிரித்திருக்கக்கூடும். அதனால் அதிகாரம், இயல், நூற்பா எண் மூன்றோடு உரையாசிரியர் பெயரும் வேண்டும். கம்பராமாயணத்தின் பாட்டெண்ணும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். காண்டம், படலம், எண், பதிப்பு நான்கையும் தர வேண்டும்.

உரையையோ பதிப்புரையையோ மேற்கோள் காட்டினால் பக்க எண் கட்டாயம். அப்போது ஆள் பெயரில் கவனம் தேவை. நச்சினார்க்கினியர் சொன்னது, அதைப் பதிப்பித்தவர் அடிக்குறிப்பில் சொன்னது, நீங்கள் சொல்வது ஆகிய மூன்றும் ஒரே பத்தியில் குழம்பிப்போவது அடிக்கடி நடக்கிறது.

எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்களோ, அந்த வடிவம்

குறுந்தொகை 40இன் கடைசி அடியை எடுத்துக்கொள்வோம். சீர் பிரித்து அச்சிட்ட பதிப்பில் 'அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே' என்று இருக்கும். சந்தி பிரித்த பதிப்பில் 'அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே' என்று இருக்கும். இரண்டும் சரியே. ஆனால், இரண்டாவது வடிவத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிட்டு, பட்டியலில் சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பைக் காட்டுவது தவறு. யாப்பைப் பற்றிய கட்டுரையில் இது வாதத்தையே கெடுத்துவிடும், ஏனென்றால் சந்தி பிரித்தபின் சீர் எங்கே முடிகிறது என்பதே தெரியாது. நீங்களே சந்தி பிரித்தால் 'சந்தி பிரிப்பு கட்டுரையாளருடையது' என்று முதல் மேற்கோளின் அடிக்குறிப்பில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். பாட வேறுபாடு உங்கள் வாதத்தைத் தொட்டால், அந்த வேறுபாட்டையும் அது எந்தப் பதிப்பில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள்.

மறுபதிப்பிலும் கவனம் வேண்டும். கையில் இருப்பது பிற்கால மறு அச்சு என்றால் முதல் பதிப்பின் ஆண்டை மட்டும் போடாதீர்கள். புதிதாக அச்சுக் கோத்திருந்தால் பக்கங்கள் இடம் மாறியிருக்கும். இரண்டு ஆண்டுகளையும் தந்து, பக்க எண் எந்த அச்சுக்கு உரியது என்பதைத் தெளிவாக்குங்கள். ஐராவதம் மகாதேவனின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு நூல் 2003இல் வந்தது. திருத்தி விரிவாக்கிய பதிப்பு 2014இல் வந்தது. இப்படித் திருத்தம் கண்ட நூல்களில் பழைய பதிப்பை மட்டும் காட்டினால், ஆசிரியரே பின்னால் மாற்றிக்கொண்ட கருத்தை அவர் தலையில் கட்டிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

ஆண்டைக் கணக்கிடுதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள் சிலவற்றின் முகப்பில் 'விகிர்தி வருடம்' என்பதுபோல் மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால், அச்சகத்தையும் பதிப்பாசிரியரின் காலத்தையும் வைத்து எந்தச் சுற்று என்று முதலில் தீர்மானியுங்கள். சித்திரையில் ஆண்டு பிறப்பதால் ஒரு தமிழ் ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளைத் தொடும்: விகிர்தி என்றால் 1890–91. மாதப் பெயரும் இருந்தால் ஒன்றாகக் குறுக்கலாம். மாசி, பங்குனி என்றால் 1891. கணக்கிட்டுச் சேர்த்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும், அது நூலில் அச்சாகவில்லை அல்லவா. திருவள்ளுவர் ஆண்டிலிருந்து 31ஐக் கழிக்க வேண்டும். சக ஆண்டோடு 78ஐயும், கொல்லம் ஆண்டோடு மாதத்துக்கு ஏற்ப 824 அல்லது 825ஐயும் கூட்ட வேண்டும்.

பெயர்

ஆங்கிலப் படிவங்கள் குடும்பப் பெயரைக் கேட்கும். தமிழில் பெரும்பாலோருக்கு அது இல்லை. முன்னெழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும். அதனால் பட்டியலில் இயற்பெயரை முன்னால் வைத்து முன்னெழுத்தைப் பின்னால் போடுகிறோம்: 'வரதராசன், மு.', 'சிவத்தம்பி, கா.' பெயரோடு ஒட்டிய பட்டத்தைப் பிய்க்கக் கூடாது. 'வையாபுரிப்பிள்ளை, எஸ்.' சரி, 'பிள்ளை, எஸ். வையாபுரி' என்று வந்தால் 'பிள்ளை' என்ற ஒரே தலைப்பின்கீழ் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். ஜோடெரோ போன்ற துணைநூற்பட்டியல் மென்பொருளில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். அதை ஒற்றைக் கட்டமாக மாற்றும் வசதியும் உண்டு. இளங்கோவடிகள் போன்ற பெயர்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

வரியின் ஓரத்தில் 'உ.வே.' தனியாகவும் 'சாமிநாதையர்' அடுத்த வரியிலும் விழாமலிருக்க, இடையில் சாதாரண இடைவெளிக்குப் பதில், வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி வரும் பிரியாத இடைவெளியைப் போடுங்கள்.

கல்வெட்டும் சுவடியும்

கல்வெட்டுக்குத் தொகுதியும் எண்ணும்தான் முகவரி. தஞ்சைப் பெரியகோயிலின் புகழ்பெற்ற முதல் கல்வெட்டை 'தெ.இ.க. 2: 1' என்று காட்டி, சுருக்கக் குறியீட்டுப் பட்டியலில் அதைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என விரித்தால் போதும். ஊர், கோயில், அரசன், ஆட்சியாண்டு ஆகியவற்றைக் கட்டுரைக்குள் சொல்லுங்கள். பாடம் இன்னும் அச்சாகாத கல்வெட்டென்றால் கல்வெட்டு ஆண்டறிக்கையின் ஆண்டும் எண்ணும் தேவை. சிதைந்த எழுத்துகளுக்குப் பதிப்பாசிரியர் போட்ட அடைப்புக்குறிகளை அப்படியே வையுங்கள். அவற்றை நீக்கினால் ஊகம் உறுதியான பாடமாக மாறிவிடுகிறது.

சுவடிக்கு நூலகம், சுவடி எண், ஏட்டெண், பக்கம் (23அ, 23ஆ). நூலகத்தின் பெயரை முழுதாக எழுதுங்கள்: சரசுவதி மகால், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம் மூன்றிலும் ஒரே எண்ணில் வெவ்வேறு சுவடிகள் இருக்கலாம்.

பிடிஎஃப், இணையம்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ ஈழத்து நூல்களுக்கான 'நூலகம்' இணையதளத்திலோ வருடிய நூலைப் படித்தால், திரையில் தெரியும் எண் கோப்பின் எண். பக்கத்தில் அச்சாகியிருப்பதுதான் நூலின் எண். முகவுரை, படங்கள் காரணமாக இரண்டுக்கும் இருபது முப்பது பக்க வேறுபாடு வரும். அச்சான எண்ணையே கொடுங்கள். முகவுரைப் பக்கங்கள் தமிழ் எண்களிலோ ரோமன் எண்களிலோ இருந்தால் அதையும் அப்படியே தாருங்கள். தமிழ் எண் ஒன்றை (௧) ககரம் என்று தட்டச்சு செய்துவிடாதீர்கள்.

தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பாடம் தேடுவதற்கு மிக உதவும். தேடிக் கிடைத்ததை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டபின் அச்சுப் பதிப்பைக் காட்டுங்கள். ஒப்பிடவில்லை என்றால் மின்பாடத்தையே காட்டுங்கள், அதுதான் நேர்மை. இன்னொருவர் கட்டுரையிலிருந்து எடுத்த மேற்கோளுக்கும் இதே விதிதான்: மூலத்தின் பெயரைச் சொல்லி, 'மேற்கோள்: இன்னார், ஆண்டு: பக்கம்' என்று வழியையும் சொல்லுங்கள்.

மேற்கோளின் அமைப்பு

எம்எல்ஏ முறையில் மூன்றடிக்கு மேற்பட்ட செய்யுளும் நான்கு வரிக்கு மேற்பட்ட உரைநடையும் தனிப் பத்தியாக உள்தள்ளி நிற்கும். மேற்கோள் குறி வராது. ஏபிஏ 40 சொல் என்கிறது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது தமிழில் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால், தமிழில் வரிக்கணக்கே பொருத்தம். தமிழ் எழுத்தைக் கணினி இயந்திரத்தனமாகச் சாய்க்கும்போது கொம்பும் புள்ளியும் பக்கத்து எழுத்தில் முட்டுவதுண்டு. இதழ் அனுமதித்தால் நூற்பெயருக்குத் தடித்த எழுத்தையும், கட்டுரைத் தலைப்புக்கு மேற்கோள் குறியையும் பயன்படுத்துங்கள்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. முறையாகச் சான்று காட்டிய மேற்கோள் அந்தக் கணக்கில் சேராது. குறியும் சான்றும் விட்டுப்போன மேற்கோள்தான் ஆளை மாட்டிவிடும்.

முந்தைய அடிக்குறிப்பில் வந்த அதே நூல் என்று பொருள்படும் 'மேலது' என்ற குறிப்பைக் கடைசி வரை தள்ளிப்போடுங்கள். திருத்தும்போது நடுவில் ஒரு அடிக்குறிப்பைச் செருகினால், அதற்கு அடுத்த 'மேலது' வேறு நூலைக் காட்டும். யாரும் கவனிக்க மாட்டார்கள். 'சிவத்தம்பி 1981' என்பதுபோன்ற குறுவடிவம் எங்கே நகர்ந்தாலும் பிழைக்காது.

அகரவரிசையும் எழுத்தும்

சில மென்பொருள்கள் யூனிகோடு அட்டவணை வரிசையிலேயே அடுக்கிவிடும். அந்த அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், ஜகரம் சகரத்தை அடுத்தும் இருக்கின்றன. விளைவு, 'கனகசபை' 'கமலநாதன்'க்கு முன்னால் வந்துவிடும். 'ஜெயராமன்' 'ஞானசம்பந்தன்'க்கு முன்னால் நிற்பார். தமிழ் அகராதி வரிசையில் னகரம் மெய்களின் கடைசி, கிரந்தம் அதற்கும் பின். பட்டியலைக் கையால் ஒருமுறை சரிசெய்யுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்து மாற்றிய கோப்பில் ஔகாரத்தைத் தேடிப் பாருங்கள். 'கௌ' என்பது ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து 'கெள' என்று பதிவாகியிருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் கிடைக்காது, அகரவரிசையிலும் இடம் மாறும். காலும் ரகரமும் இடம் மாறிய இடங்களும் இதே வகை.

அனுப்புமுன் கட்டுரைக்குள் வரும் ஒவ்வொரு பெயர்–ஆண்டையும் பட்டியலில் டிக் செய்யுங்கள். டிக் விழாத பதிவு கட்டுரையில் பயன்படவில்லை என்று பொருள், நீக்கிவிடுங்கள். பெயர் மறைத்த மதிப்பீடு என்றால் கோப்பின் பண்புகளில் இருக்கும் உங்கள் பெயரையும், 'எனது முந்தைய கட்டுரையில்' போன்ற தொடர்களையும் எடுத்துவிடுங்கள். வேர்டு கோப்போடு எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மெய்ப்பு (பிழை பார்க்க இதழ் அனுப்பும் அச்சுப் படி) வந்ததும் முதலில் செய்யுள் மேற்கோள்களின் அடிப்பிரிப்பையும், பிறகு அடிக்குறிப்பு எண்களையும் அந்தப் பிடிஎஃப்போடு ஒப்பிடுங்கள்; பக்கம் கோக்கும்போது கலைவது பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.